மருந்து வந்த வழி – 11: எச்.ஐ.வி.யும் சென்னை தந்த சான்றும்

எச்.ஐ.வி. தொற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் இன்று முதல்நிலைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பது நாளுக்கு ஒரு மாத்திரை. அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கின்றன. ரெனோபோவிர் பிராக் நகரில் அன்ரொனின் ஹோலி நடத்திய வேதியியல் ஆய்வுகளிலிருந்து வந்தது. லமிவுடின் கனடாவின் மொன்றியலில் பிறந்தது. டொலுரெகிராவிர் யப்பானின் சியோனோகி நிறுவனம் பங்குகொண்ட ஆராய்ச்சியின் பயன். மூன்றையும் ஒன்றாக்கி, ஏழை நாடுகள் வாங்கக்கூடிய விலையில் செய்து அனுப்புபவை பெரும்பாலும் இந்தியத் தொழிற்சாலைகள். மூலக்கூறுகள் தூர தேசங்களில் பிறந்தவை என்றாலும், மருந்தை எப்போது தொடங்கவேண்டும், அது நோயாளியை மட்டும்தான் காக்கிறதா, அதன் விலையை யார் தீர்மானிப்பது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த இடங்களில் சென்னை முக்கியமானது. பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்த அந்த உழைப்பின் பலன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வைரசும் முதல் மருந்தும்

எச்.ஐ.வி. தாக்குவது உடலின் காவலையே. நிர்ப்பீடனத்தை வழிநடத்தும் சி.டி.4 கலங்களுக்குள் அது நுழைகிறது. ரிவேர்ஸ் ரான்ஸ்கிறிப்ரேஸ் என்ற நொதியத்தால் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கிறது. இன்ரிகிறேஸ் என்ற இரண்டாவது நொதியம் அந்த டி.என்.ஏ.யைக் கலத்தின் சொந்த மரபுப்பொருளுக்குள் செருகிவிடுகிறது. அதன்பின் கலம் வைரசுக்கான புரதங்களை ஆக்கத் தொடங்குகிறது. புரோட்டியேஸ் என்ற மூன்றாவது நொதியம் அவற்றை உரிய துண்டுகளாக வெட்டிக்கொடுக்க, புதிய வைரசுகள் உருவாகின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்று நொதியங்களில் ஒன்றை முடக்குபவை.

இந்தத் தொற்று முற்றி வரும் எயிட்ஸ் நோயின் முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளியானது 1981 யூனில். பாரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மொந்தனியேயும் 1983இல் வைரசைப் பிரித்தெடுத்தனர். இரத்தத்தில் தொற்றை அறியும் எலைசா பரிசோதனை 1985இல் வந்தது. முதல் மருந்து புதிதாக ஆக்கப்பட்டதன்று. ஜெரோம் ஹோர்விற்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1964இல் புற்றுநோய்க்கென்று செய்து, பயன்படாது என்று ஒதுக்கிய ஏ.இசட்.ரி. என்ற சேர்மம், எச்.ஐ.வி.யின் பிரதியெடுப்பை நிறுத்துவதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் பறோஸ் வெல்கம் நிறுவனமும் 1985இல் கண்டன. டி.என்.ஏ. கோக்கப்படும்போது அது அசல் கண்ணியைப்போலப் போய் மாட்டிக்கொள்ளும். ஆனால் அடுத்த கண்ணியைப் பூட்டுவதற்கான கொக்கி அதில் இல்லை. சங்கிலி அந்த இடத்தில் நின்றுவிடும்.

282 நோயாளரிடம் நடந்த பரிசோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 பேரும் மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறந்த நிலையில், 1986 செப்ரெம்பரில் ஆய்வு இடைநிறுத்தப்பட்டு எல்லோருக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. 1987 மார்ச்சில் ஏ.இசட்.ரி.க்கு அனுமதி கிடைத்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வைரசு பிரதியெடுக்கும்போது அடிக்கடி பிழைவிடுகிறது. அந்தப் பிழைகளுள் சில மருந்துக்கு அடங்காத வைரசை உருவாக்கிவிடுகின்றன. தனியொரு மருந்தால் கிடைத்த காலம் மாதக்கணக்கானதே.

சென்னை, 1986

அந்த மருந்து பரிசோதனையில் இருந்த அதே ஆண்டில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆய்வுப்பொருளாகக் கொடுத்தார். இந்தியாவில் இந்த நோய் இல்லை என்பதே அன்றைய பொதுநம்பிக்கை. பாலியல் தொழிலில் ஈடுபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் மாதிரிகளை ஐஸ்பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். அங்கே ஜேக்கப் ஜான், ஜோர்ஜ் பாபு ஆகியோரின் உதவியுடன் நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் மறுபடியும் சோதித்து உறுதிசெய்தபின் அந்த முடிவு தமிழ்நாட்டுச் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. தம் இரத்தத்தைக் கொடுத்த அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. இந்திய எச்.ஐ.வி. ஆய்வு அவர்களிடமிருந்தே தொடங்குகிறது என்பதை மறக்கலாகாது.

அரசுப் பணியை விட்டு வந்த சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற சிகிச்சை, ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். எச்.ஐ.வி. நோயாளரைத் தொடவே பல வைத்தியசாலைகள் அஞ்சிய காலம் அது. மற்ற இடங்களில் திருப்பியனுப்பப்பட்டோர் போய்ச்சேர்ந்த இன்னொரு இடம், சென்னைக்கு அருகே தாம்பரத்தில் இருந்த பழைய காசநோய் வைத்தியசாலை. மருந்து என்று கொடுக்க ஏதும் இல்லாத அந்நாட்களில், அங்கு கண்காணிப்பாளராக இருந்த சி.என். தெய்வநாயகம், இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் என்ற மூன்று சித்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து விளைவுகளைப் பதிவுசெய்தார். நோயாளருக்குப் பசியும் உடல்நிறையும் கூடியதாகச் சொல்லப்பட்டது. எனினும் இணையான இரு குழுக்களை வைத்து ஒப்பிடும் முறையில் அந்த முயற்சி நிறுவப்படவில்லை; வைரசை அடக்கும் மருந்து என்ற இடம் அதற்குக் கிடைக்கவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குப் படுக்கையும் உணவும் கவனிப்பும் கொடுத்தது தாம்பரத்தின் பெருமை. அதை மறுக்கமுடியாது.

மூன்று மருந்தும் ஒரு விலையும்

1995 டிசெம்பரில் சகுவினாவிரும் 1996 மார்ச்சில் ரிற்றோனாவிர், இன்டினாவிர் ஆகியவையும் அனுமதி பெற்றன. இவை புரோட்டியேஸை முடக்குபவை. அவற்றில் ஒன்றை முந்திய வகை மருந்துகள் இரண்டுடன் சேர்த்துக் கொடுத்தபோது வைரசு இரத்தத்தில் அளவிடமுடியாத நிலைக்கு இறங்கியது. மூன்று மருந்துகளையும் ஒரேநேரத்தில் எதிர்த்து நிற்கக்கூடிய பிழை வைரசுக்கு எளிதில் அமைவதில்லை. 1996 யூலையில் வன்கூவர் மாநாட்டில் இந்த முடிவுகள் வெளியானபின், செல்வந்த நாடுகளில் எயிட்ஸ் மரணங்கள் சரசரவென்று குறைந்தன.

ஆனால் இந்தச் சிகிச்சையின் ஆண்டுச் செலவு ஒருவருக்கு 10,000 டொலரைத் தாண்டியது. 2000 யூலையில் தென்னாபிரிக்காவின் டேர்பனில் கூடிய மாநாடு, மருந்து வடக்கில் இருக்க நோயாளர் தெற்கில் இறப்பதை உலகின் முன் வைத்தது. அதே யூலையில் தென்மராட்சியின் சாவகச்சேரி போர்க்களமாக இருந்தது. மே மாதம் விடுதலைப் புலிகள் உள்நுழைந்ததிலிருந்து செப்ரெம்பரில் இராணுவம் மீளக் கைப்பற்றியது வரை நடந்த சண்டையில், கண்டி வீதியை ஒட்டிய நகரின் பெரும்பகுதி இடிந்துபோனது; மக்கள் இடம்பெயர்ந்திருந்தனர். சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகள் அவை. உலகம் எச்.ஐ.வி. மருந்தின் விலையைப் பற்றிப் பேசியபோது அந்தப் பேச்சைக் கேட்கும் நிலையில்கூடக் குடாநாடு இருக்கவில்லை.

விலையை உடைத்தது இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்வது இந்தியாவில் குற்றமன்று. மும்பையின் சிப்லா நிறுவனம் 1993இலேயே ஏ.இசட்.ரி.யை அப்படித்தான் செய்து விற்கத் தொடங்கியிருந்தது. 2001 பெப்ரவரியில் அதன் தலைவர் யூசுப் ஹமீது, ஸ்ரவுடின், லமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டொலருக்கு, அதாவது நாளுக்கு ஒரு டொலருக்கும் குறைவாக, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். மூன்று காப்புரிமைகளும் மூன்று நிறுவனங்களிடம் இருந்த நாடுகளில் அவற்றை ஒரே மாத்திரையாக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இந்தியாவில் அந்தத் தடை இருக்கவில்லை. அப்படி ஒன்றாக்கிய மாத்திரையை நாளுக்கு இரண்டு எடுத்தால் போதும் என்ற எளிமை, மின்சாரமும் விசேட வைத்தியரும் இல்லாத கிராமத்துக்கும் சிகிச்சையைக் கொண்டுபோனது. ஸ்ரவுடின் நரம்புகளைப் பாதித்தது, முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பைக் கரைத்தது என்பதும் உண்மை; அதைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

இந்திய அரசின் இலவசச் சிகிச்சை 2004 ஏப்பிரல் 1ஆம் திகதி எட்டு நிலையங்களில் தொடங்கியது; தாம்பரம் அவற்றில் ஒன்று. அதே ஆண்டில் இலங்கை அரசும் இலவசமாக மருந்து வழங்க ஆரம்பித்தது. இலங்கையில் அதற்காகக் குரல்கொடுத்தவர்களில் குழந்தைநல வைத்தியர் கமலிகா அபேரத்னவை நினைக்கவேண்டும். வீதிவிபத்தொன்றின்பின் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளான அவர், அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னார். வைத்தியரே அப்படி முன்வந்தது அன்றைய இலங்கையில் பெரிய துணிவு.

காப்புரிமை அலுவலகத்தில் நோயாளர்

உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு இணங்க இந்தியா 2005இல் சட்டத்தைத் திருத்தி மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை கொடுக்கவேண்டியதாயிற்று. இனிவரும் மருந்துகள் கைக்கெட்டாமற் போகும் என்ற அச்சம் எழுந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தில் இரு கதவுகள் திறந்துவைக்கப்பட்டிருந்தன. பழைய மருந்தைச் சற்று மாற்றியதற்காகக் காப்புரிமை கேட்பதை 3(டி) பிரிவு தடுத்தது. காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் ஆட்சேபிக்கலாம் என்றும் சட்டம் இடமளித்தது.

இந்தக் கதவுகளைத் தட்டியவர்கள் நோயாளரே. 1997இல் சென்னையில் உருவான எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்திய வலையமைப்பு, 2006இல் மணிப்பூர் நோயாளர் அமைப்புடன் சேர்ந்து, ஏ.இசட்.ரி.யையும் லமிவுடினையும் சேர்த்துச் செய்த மாத்திரைக்கான கிளக்சோ நிறுவனத்தின் விண்ணப்பத்தை ஆட்சேபித்தது. இரு பழைய மருந்துகளை ஒன்றாக அழுத்துவது கண்டுபிடிப்பாகாது என்பது அவர்களின் வாதம். விண்ணப்பம் அவ்வாண்டே மீளப்பெறப்பட்டது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி முன்னின்று நடத்திய பெண்கள் வலையமைப்பும் இந்திய வலையமைப்பும் எதிர்த்ததில், குழந்தைகளுக்கான நெவிரபின் பாணிக்குக் கேட்ட காப்புரிமை 2008இல் மறுக்கப்பட்டது. ரெனோபோவிர் விண்ணப்பங்கள் 2009இல் நிராகரிக்கப்பட்டன. இந்த ஆட்சேபங்களைத் தயாரிக்க வேதியியலையும் சட்டத்தையும் நோயாளர் அமைப்புகள் கற்கவேண்டியிருந்தது. மருந்து ஆராய்ச்சி வரலாறு எழுதுவோர் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவதுண்டு, அது சரியன்று. இன்றைய மாத்திரையில் ரெனோபோவிர் மலிவாக இருப்பதற்கு அந்த நிராகரிப்பும் ஒரு காரணம்.

எச்.பி.ரி.என். 052

2000களின் நடுவில் வைத்தியர்களிடம் ஒரு பெரிய கேள்வி தீராமல் இருந்தது: சிகிச்சையை எப்போது தொடங்குவது? மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு, செலவு உண்டு, வாழ்நாள் முழுவதும் எடுக்கவும் வேண்டும். ஆகவே சி.டி.4 எண்ணிக்கை ஒரு கனமில்லிமீற்றரில் 200 அல்லது 250க்குக் கீழே விழும்வரை காத்திருப்பதே பல நாடுகளின் வழக்கம். இரத்தத்தில் வைரசு அடங்கினால் பிறருக்குத் தொற்றுவதும் குறையுமா என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. அதை நிறுவ, ஒருவருக்குத் தொற்று இருந்து துணைவருக்கு இல்லாத தம்பதியர் தேவைப்பட்டனர்.

அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைரன் கோகன் தலைமையில், எச்.பி.ரி.என். 052 என்ற ஆய்வு ஒன்பது நாடுகளில் 13 நிலையங்களில் நடந்தது. 1,763 சோடிகள் சேர்ந்தனர். ஆபிரிக்காவில் 954, ஆசியாவில் 531, அமெரிக்கக் கண்டங்களில் 278. ஆசிய நிலையங்களில் சென்னை ஒய்.ஆர்.ஜி. கேரும் புனேயின் தேசிய எயிட்ஸ் ஆராய்ச்சி நிலையமும் இருந்தன. சென்னையில் சுனிதி சாலமனோடு நீண்டகாலம் பணியாற்றிய வைத்தியர் என். குமாரசாமி இதன் ஆய்வாளர்களில் ஒருவர்.

சேர்ந்தோரின் சி.டி.4 எண்ணிக்கை 350க்கும் 550க்கும் இடைப்பட்டது. சீட்டுக்குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனே மருந்து தொடங்கப்பட்டது; மறுபாதிக்கு எண்ணிக்கை 250 அளவுக்கு இறங்கும்போதோ எயிட்ஸ் தொடர்பான நோய் வரும்போதோ தொடங்குவதென்று வைக்கப்பட்டது. இரு பகுதியினருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் தொடர்ந்து கொடுக்கப்பட்டன. துணைவருக்குத் தொற்று வந்தால், அது வீட்டிலிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று இரு வைரசுகளின் மரபுவரிசையையும் ஒப்பிட்டு அறிந்தனர். தமிழ்நாட்டுக் குடும்பமொன்றில் இப்படியோர் ஆய்வுக்குச் சம்மதிப்பது எளிதன்று. கணவன் மனைவி இருவரும் தொற்றைப்பற்றி ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசவேண்டும். அயலார் அறியாமல் ஆண்டுக்கணக்காகக் கிளினிக்குக்கு வந்துபோகவேண்டும். அந்தத் தம்பதியரின் பொறுமையே இந்த ஆய்வின் முதல்.

ஆய்வு 2015 வரை நடப்பதாக இருந்தது. ஆனால் 2011 ஏப்பிரல் 28இல் தரவைப் பார்வையிட்ட கண்காணிப்புக் குழு, முடிவை உடனே வெளியிடும்படி பணித்தது. மே 12இல் அறிவிப்பு வந்தது. வீட்டுத் துணைவரிடமிருந்தே வந்தது என்று உறுதியான தொற்றுகள் 28. அவற்றில் 27 தாமதித்துத் தொடங்கிய பிரிவில். உடனே மருந்து பெற்ற பிரிவில் ஒன்று மட்டுமே. தொற்று 96 சதவீதம் குறைந்திருந்தது. நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயும் தாமதித்துத் தொடங்கிய பிரிவில் 17 பேருக்கு, உடனே மருந்து பெற்ற பிரிவில் 3 பேருக்கு மட்டுமே வந்தது. முடிவு தெரிந்ததும் எல்லா நோயாளருக்கும் மருந்து கொடுக்க முன்வந்தனர். 2011இன் முதன்மையான அறிவியல் சாதனையாக இதை ‘சயன்ஸ்’ இதழ் தெரிவுசெய்தது.

நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தே துணைவருக்கு வேலி என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. உடனே தொடங்குவது நோயாளிக்கும் நல்லது என்பதை 4,685 பேர் பங்குகொண்ட ஸ்ரார்ட் ஆய்வு 2015இல் காட்டியது. அவ்வாண்டு செப்ரெம்பரில், சி.டி.4 எண்ணிக்கையைப் பாராமல் தொற்றுள்ள எல்லோருக்கும் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் விதித்தது. மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரசு அளவிடமுடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவால் தொற்றாது என்பதை ஐரோப்பாவின் பாட்னர் ஆய்வுகள் பின்னர் உறுதிப்படுத்தின.

சென்னையிலிருந்து வந்த இன்னொரு பங்களிப்பு காசநோய் பற்றியது. தென்னாசியாவில் எச்.ஐ.வி. நோயாளரைக் கொல்வதில் முதலிடம் காசநோய்க்கே. இந்தியாவில் காசநோய் மருந்தை வாரத்தில் மூன்று நாள் மட்டும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எச்.ஐ.வி.யும் உள்ளோருக்கு அது போதாது, ரிபம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது என்பதைச் சௌமியா சுவாமிநாதனும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தினரும் கண்டனர். நாள்தோறும் கொடுப்பதே சிறந்தது என்று அந்நிலையத்தின் பின்னைய ஆய்வு 2018இல் நிறுவியது.

தாயிலிருந்து பிள்ளைக்கு

சாவகச்சேரியில் ஒரு சாதாரண மனிதர் இந்த ஆராய்ச்சியைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக். கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் தாய்க்கும், பிறந்தபின் பிள்ளைக்கும் ஏ.இசட்.ரி. கொடுத்தால் தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைகிறது என்று 1994இல் தெரிந்தது. மூன்று மருந்துச் சிகிச்சையில் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால்தான் மருந்து கொடுக்கமுடியும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வதை இலங்கை நாடு முழுவதும் விரிவாக்கியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரும் ஏற்கெனவே இருந்ததால் புதிய அமைப்பொன்றைக் கட்டவேண்டி வரவில்லை. 2019 டிசெம்பரில், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் சான்றுப்படுத்தியது. போரால் குலைந்த வடக்கையும் உள்ளடக்கிய சான்று அது. சிகிச்சை தேவைப்படுவோருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் உண்டு.

இலங்கையில் வயதுவந்தோரிடையே தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. தொற்று அரிதாக இருக்கும் ஊரில் வெட்கமும் அச்சமும் கூடுதலாக இருக்கும். பரிசோதனைக்குப் பிந்தி வருவோரும் அதனாலேயே உண்டு.

தடுப்பூசியும் ஆறுமாத ஊசியும்

தடுப்பூசி முயற்சிகளில் வெற்றி இன்னும் இல்லை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 2006இல் 32 தொண்டர்களிடம் ஓர் இந்தியத் தடுப்பூசி சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது என்று கண்டனர், மேலே போகவில்லை. தாய்லாந்தில் 2009இல் வெளியான ஆய்வு 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. பின்வந்த பெரிய ஆய்வுகள் பலன் தராமல் நிறுத்தப்பட்டன. வைரசின் மேலுறை ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதே காரணம்.

மருந்தின் பக்கத்தில் முன்னேற்றம் வேகமானது. இன்ரிகிறேஸை முடக்கும் டொலுரெகிராவிர் 2013இல் வந்தது. அதற்கு வைரசு எளிதில் பழகிக்கொள்வதில்லை. அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் மலிவாகச் செய்வதற்கான உரிமத்துக்கு வழி பிறந்தது. 2017இல் மூன்று மருந்து மாத்திரை ஆண்டுக்கு 75 டொலருக்கு வந்தது. 2023இல் 45 டொலருக்கும் கீழே இறங்கியது.

தொற்று வராமல் தடுக்க, வைரசின் உள்ளோட்டைத் தாக்கும் லெனகபாவிர் மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் போதும். தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2025இல் தடுப்புமருந்தாக அனுமதி பெற்றபோது ஆண்டு விலை 28,000 டொலரைத் தாண்டியது. 120 நாடுகளுக்கு மலிவாகச் செய்துகொடுக்க ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது. ஹைதராபாத்தின் ஹெற்றரோ, டொக்டர் ரெட்டீஸ் ஆகியவை 2027 முதல் ஆண்டுக்கு 40 டொலர் அளவில் தருவதாக அறிவித்துள்ளன.

முழுமையான குணம் இன்னும் பொதுச் சிகிச்சையாகவில்லை. கலத்தின் மரபுப்பொருளுக்குள் செருகப்பட்ட வைரசு, உறங்கும் கலங்களில் ஆண்டுக்கணக்காகப் பதுங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டும். ரிமோதி ரே பிரவுண் என்ற அமெரிக்கர் 2007இல் பேர்லினில் இரத்தப் புற்றுநோய்க்காக எலும்புமச்சை மாற்றம் பெற்றார். எச்.ஐ.வி. நுழையும் சி.சி.ஆர்.5 வாயில் இல்லாத கலங்கள் கொண்ட ஒருவரிடமிருந்து அந்த மச்சை எடுக்கப்பட்டதால் அவருடைய தொற்றும் நீங்கியது. பின்னர் இன்னும் சிலர் அவ்வாறு குணமடைந்தனர். உயிராபத்து மிக்க அந்த மாற்றத்தைப் புற்றுநோய் இல்லாதவருக்குச் செய்யமுடியாது. அதே வாயிலை மரபணுத் திருத்தத்தால் அடைக்கவும், பதுங்கிய வைரசை வெளியே இழுத்து அழிக்கவும் இப்போது ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை நாளுக்கொரு மாத்திரையே சிகிச்சை. 2024 முடிவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்த 40.8 மில்லியன் பேரில் 31.6 மில்லியன் பேருக்குச் சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது.

(தொடரும்)